வீட்டுக்கு மேலங்கி, நாட்டுக்குக் கடன்

குளிர் நாடுகளில் வாழ்வோர் தம் உடலுக்கு மட்டுமன்றித் தம் வீட்டிற்கும் மேலங்கி அணிவிக்கின்றனர் என்றால் நம்மில் பலர் வியப்புறக்கூடும். இத்தாலிய மொழியில் குளிர்காலத்து மேலங்கிக்குக் 'கப்போத்தோ' என்று பெயர். கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதும் கனத்த தெர்மோகோல் பலகைகளை ஒட்டி, அவற்றின்மேல் வலையைப் பதித்து, சாந்து பூசி, வண்ணம் தீட்டும் வேலைக்கும் அம்மக்கள் அதே பெயரையே இட்டிருக்கின்றனர். பொருத்தமான பெயர்தான். மேலங்கி உடலின் சூட்டைக் காப்பதுபோல், இப்பலகைகள் அறையின் சூடு சுவர் வழியே வெளியேறாமல் தடுக்கின்றன. அடுப்பில் எரியும் எரிவாயு குறைகிறது. மாதக் கடைசியில் வரும் பில்லும் குறைகிறது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 40 விழுக்காடு கட்டடங்களிலேயே செலவாகிறது. அதில் பெரும்பங்கு அறைகளைச் சூடாக்குவதற்கே போய்விடுகிறது. ஆகவே புகையைக் குறைக்க விரும்பும் எந்த அரசும் வீடுகளைத் திருத்தாமல் அக்குறிக்கோளை அடைய இயலாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலிலும், ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வகையில் கட்டடங்களைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் அரசுகள் செய்யத்தக்க பணிகளுள் ஒன்றெனக் குறித்திருக்கிறார். எனவே நோக்கத்தைப் பற்றி நமக்குள் வழக்கில்லை. அந்நல்ல நோக்கத்திற்கு யார் பணம் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, அப்படிக் கொடுக்கையில் ஊர் விலைவாசிக்கும் நாட்டின் கடனுக்கும் என்ன நேர்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது. இதற்கு இத்தாலி நாடு 2020 முதல் நடத்திய ஒரு பெரிய திட்டத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

நூற்றுக்கு நூற்றுப் பத்து

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலேயே முதன்முதலாகக் கொரோனா நோயின் கொடுமையை முழுமையாகச் சுமந்த நாடு இத்தாலி. கடைகளும் தொழிற்சாலைகளும் அடைபட்டன. அவ்வாண்டு அந்நாட்டின் மொத்த உற்பத்தி ஏறக்குறைய 9 விழுக்காடு வீழ்ந்தது. நின்றுபோன பொருளாதார வண்டியை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்ற தவிப்பில், பிரதமர் ஜுசெப்பே கோந்தேயின் அரசு 2020 மே மாதம் ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதில் இடம்பெற்றதே 'சூப்பர்போனஸ்' எனப்படும் சலுகை. வீட்டின் ஆற்றல் தரத்தை உயர்த்தும் வேலைக்கு ஒருவர் 100 யூரோ செலவிட்டால், அவருடைய வரியில் 110 யூரோவை அரசு கழித்துக்கொள்ளும். செலவை முழுதும் ஏற்பதோடு மேலும் பத்து யூரோ பரிசு!

இரண்டு நிபந்தனைகள் இருந்தன. வேலை முடிந்தபின் அக்கட்டடம் ஆற்றல் தரப் பட்டியலில் குறைந்தது இரண்டு படியாவது ஏறியிருக்க வேண்டும். சுவருக்கு மேலங்கி அணிவித்தல், வெப்பமூட்டும் கருவியை மாற்றுதல் போன்ற முதன்மை வேலைகளுள் ஒன்று கட்டாயம் நடைபெற வேண்டும். அத்தகைய ஒரு வேலை நடந்தால், அதன் பின்னால் சன்னல் மாற்றுதல், சூரியத் தகடு பொருத்துதல் முதலிய வேலைகளும் அதே சலுகையைப் பெறலாம். இவற்றை 'இழுக்கும் வேலை', 'இழுக்கப்படும் வேலை' என்று சட்டமே பிரித்தது. மாட்டுவண்டியில் ஏறத் தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மாட்டின் பின்னே எத்தனை வண்டிகளைக் கட்டினார்கள் என்பதுதான் பின்னர் தெரியவந்தது.

இதுவரை சொன்னது வரிக் கழிவு மட்டுமே. வரிக் கழிவால் பயனடைய வேண்டுமானால் ஒருவர் அந்த அளவுக்கு வரி செலுத்துபவராக இருக்க வேண்டும். ஏழைகளும் பயன்பெற வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் சட்டம் மற்றொரு வழியையும் திறந்துவைத்தது. வீட்டுக்காரர் தமக்குரிய வரிக்கழிவு உரிமையை ஒப்பந்தக்காரருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்; அவர் அதை வங்கிக்கு விற்கலாம்; வங்கி மற்றொருவருக்கு விற்கலாம். தொடக்க நாள்களில் வங்கிகள் 110 யூரோ உரிமைக்கு ஏறக்குறைய 102 யூரோ ரொக்கமாகக் கொடுத்தன. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் வீட்டுக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு வேலை செய்விக்கிறார். தம் பையிலிருந்து ஒரு காசும் எடுப்பதில்லை. ஒப்பந்தக்காரர் ரசீதில் எழுதும் தொகை எதுவாயினும் வங்கி அதற்கு மேலேயே தருகிறது. வங்கிக்கோ அரசு வரியில் கழித்துத் தரும். மூவருக்கும் இலாபம், எவருக்கும் செலவில்லை என்பதுபோல் தோன்றியது.

நம் பங்குகளில் ஒரு மணிக்கூண்டோ சுற்றுச்சுவரோ எழுப்பும்போது நடப்பதை அறிவோம். செங்கல் விலையில் சிறிது குறைப்பதற்காகப் பங்குப் பேரவையினர் எத்தனை சூளைகளுக்கு நடக்கின்றனர்! மேஸ்திரி சொன்ன கூலியை அப்படியே ஒப்புக்கொண்ட பேரவை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அப்பேரம் கஞ்சத்தனம் அன்று. ஏழைக் கைம்பெண் போட்ட காசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து பிறப்பது அது. இத்தாலியச் சட்டம் அந்தப் பேரத்தைத்தான் எடுத்துவிட்டது. விலையைக் கேட்டுத் தலையசைப்பவர் இருந்தார். விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர் இல்லை.

இதனைப் பிற்காலத்து விமரிசகர்கள் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். கோந்தேக்குப் பின் பிரதமரான மாரியோ திராகி, ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவராக இருந்து பணத்தின் போக்கை நன்கு அறிந்தவர், 2022 மே மாதம் ஐரோப்பியப் பாராளுமன்றத்திலேயே இதை வெளிப்படையாகக் கூறினார். நூற்றுப் பத்து விழுக்காட்டுச் சலுகை விலைபேசும் ஊக்கத்தையே நீக்கிவிட்டது என்றும், வீடுகளைத் திருத்தும் வேலையின் செலவு மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது என்றும் அவர் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய கூட்டணியிலேயே கோந்தேயின் கட்சியும் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அக்கூட்டணி உடைந்ததற்கு இப்பிணக்கும் ஒரு காரணமாயிற்று.

சாரம் கட்டிய நகரங்கள்

நன்மையே விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2021இல் இத்தாலியப் பொருளாதாரம் 8 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. நெடுங்காலமாகத் தூங்கிக் கிடந்த கட்டடத் தொழில் விழித்தெழுந்தது. கொத்தனார், மின்வேலைக்காரர், குழாய் பொருத்துபவர் எனப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு, வேலை இல்லாத அக்கொடிய நாள்களில் கூலி கிடைத்தது. பசித்த வீட்டில் அடுப்பெரிந்ததைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. திருத்தப்பட்ட வீடுகள் முன்னினும் கதகதப்பாக உள்ளன என்பதும் உண்மையே. 2022இல் உக்ரைன் போரினால் எரிவாயு விலை விண்ணைத் தொட்டபோது, மேலங்கி அணிந்த வீட்டார் தம் நல்வாய்ப்பை எண்ணி மகிழ்ந்திருப்பர்.

ஆயினும் எல்லா நகரங்களிலும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கியதால், சாரக் குழாய்களுக்கே பஞ்சம் ஏற்பட்டது. பலகை, சாந்து, ஆள்கூலி அனைத்தும் ஏறின. கட்டட வேலையை அறியாதவர்களும் நிறுவனம் பதிவு செய்துகொண்டு ஒப்பந்தம் எடுத்தனர். அரசின் பணத்தில் ஒரு பகுதி வெப்பத்தைத் தடுக்கும் சுவராக மாறியது; மறு பகுதி விலையேற்றமாகவே கரைந்தது. சலுகை இல்லாமல் தம் சொந்தப் பணத்தில் கூரையை ஒழுக்கடைக்க விரும்பிய எளியவரும் அதே ஏறிய விலையைக் கொடுக்க நேர்ந்தது. திட்டத்தின் செலவுப் பட்டியலில் இவருடைய இழப்பு எங்கும் காணப்படாது.

அடுத்து வந்தது மோசடி. கைமாறிக்கொண்டே செல்லும் உரிமைச் சீட்டு ரொக்கப் பணத்துக்குச் சமம். அதைப் பெறுவதற்கோ முதலில் ஒரு விண்ணப்பமே போதுமாயிருந்தது. இல்லாத கட்டடங்களுக்கு வேலை நடந்ததாக எழுதினர். நடக்காத வேலைக்கு ரசீது போட்டனர். வீடே இல்லாதவர் பெயரிலும் சலுகை பெற்றனர். 2021 நவம்பரில்தான் விலைச் சான்றும் தணிக்கைச் சான்றும் எல்லாச் சலுகைகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் வெளியான கணக்கின்படி, எல்லா வகைக் கட்டடச் சலுகைகளிலும் சேர்த்து 440 கோடி யூரோ அளவுக்குப் பொய்யுரிமைகள் அகப்பட்டிருந்தன. இத்தகைய மோசடியை அந்தக் குடியரசின் வரலாற்றிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றென நிதியமைச்சர் தனியேலே பிராங்கோ வருணித்தார். நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கணக்கில் நூற்றுப் பத்து விழுக்காட்டுத் திட்டத்தின் பங்கு மிகச் சிறிது. கட்டட முகப்பைப் புதுப்பிக்க 90 விழுக்காடு தந்த வேறொரு சலுகையில்தான் பெருங்கொள்ளை நடந்தது. அதற்கு விலை வரம்பே விதிக்கப்படவில்லை. சட்டம் கேட்காத கேள்விக்குத் திருடன் தானாகவே விடை சொல்வானா?

மோசடியைத் தடுக்க எழுந்த புதுவிதிகள் நேர்மையானவரையும் நெருக்கின. உரிமைச் சீட்டை எத்தனை முறை கைமாற்றலாம் என்ற விதியை அரசு அடிக்கடி மாற்றிற்று. வங்கிகள் தம் வரி அளவுக்கு வாங்கி நிரம்பியபின் வாங்குவதை நிறுத்தின. வேலையை முடித்து, ஆள்களுக்குக் கூலியும் கொடுத்துவிட்ட சிறு ஒப்பந்தக்காரர்கள் விற்க முடியாத சீட்டுகளோடு நின்றனர். பாதியில் நின்ற அடுக்குமாடிகளைச் சுற்றிச் சாரம் மட்டும் மாதக்கணக்கில் நின்றது. உள்ளே குடியிருந்தோர் சன்னலைத் திறந்தால் வலைத்துணிதான் தெரியும்.

கணக்குப் புத்தகம் பேசுகிறது

2022 அக்டோபரில் பதவியேற்ற ஜோர்ஜா மெலோனியின் அரசு சலுகையை வெட்டத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் உரிமையைக் கைமாற்றுவதையே, சில விலக்குகளோடு, ஓர் இரவில் நிறுத்தியது. 110 விழுக்காடு பொதுவாக 90 ஆகி, 2024இல் 70 ஆகி, 2025இல் 65 ஆயிற்று. ஒவ்வொரு குறைப்பும் அறிவிக்கப்பட்டவுடன், கதவு மூடுமுன் நுழைந்துவிட வேண்டுமென்று விண்ணப்பங்கள் முண்டியடித்தன. அதனால் செலவு குறைவதற்குப் பதிலாகக் கடைசி மாதங்களில் பெருகியது.

தொடக்கத்தில் அரசின் மதிப்பீடு ஏறக்குறைய 3,500 கோடி யூரோ. முடிவில் அது 12,000 கோடியைத் தாண்டியது. இத்தாலியின் மக்கள்தொகை 5 கோடியே 90 லட்சம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட ஆளுக்கு ஏறத்தாழ 2,000 யூரோ! இவ்வளவு பணத்தில் திருத்தப்பட்ட கட்டடங்கள் ஏறக்குறைய 5 லட்சம். நாட்டிலுள்ள குடியிருப்புக் கட்டடங்களோ 1 கோடியே 20 லட்சம். நூற்றில் நான்கு கட்டடங்களுக்கு மேலங்கி தைத்த செலவை நூறு வீட்டாரும் செலுத்த வேண்டியதாயிற்று.

அந்நூறு வீட்டாரில் நான்கில் ஒரு பங்கினர் சொந்த வீடற்று வாடகையிலோ பிறர் இல்லத்திலோ வாழ்பவர்கள். வீட்டைத் திருத்தினால் அதன் விலை உயர்கிறது. அந்த உயர்வு உரிமையாளருக்குச் சேர்கிறது. வாடகைக்காரர் கடையில் வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி செலுத்திக்கொண்டே இருக்கிறார். அத்துடன், பொறியாளரை அமர்த்தவும் சான்றிதழ் வாங்கவும் அடுக்குமாடிக் கூட்டத்தில் பேசி முடிக்கவும் நேரமும் படிப்பும் தொடர்பும் வேண்டும். தனி வீட்டுக்காரர்கள் சராசரியாக ஒரு லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட வேலையைச் செய்துகொண்டனர். ஏழைக்கென்று திறந்த கதவில் முதலில் நுழைந்தவர் யார் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

பற்றாக்குறை வெளிப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. வரிக் கழிவு நான்கைந்து ஆண்டுகளில் தவணையாகப் போவதால், ஆண்டுக்கு ஒரு தவணையாகக் கணக்கில் எழுதலாம் என்றே முதலில் நினைத்தனர். கைமாறக்கூடிய உரிமை என்பது கடன் பத்திரத்துக்கு ஒப்பானது, வாக்குக் கொடுத்த ஆண்டிலேயே முழுத் தொகையையும் செலவாக எழுத வேண்டும் என்று 2023இல் ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் வழிகாட்டியது. கடையில் கடன் சொல்லி வாங்கிய அரிசியை, வாங்கிய நாளிலேயே நோட்டில் எழுது என்று தாய் சொல்வதுபோல்தான். 2023இன் பற்றாக்குறை உற்பத்தியில் 5.3 விழுக்காடாக இருக்கும் என்று அரசு அவ்வாண்டு செப்டம்பரில் எதிர்பார்த்தது. கணக்கு முடித்தபோது 7 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஒன்றியத்தின் வரம்பு 3. 2024 ஜூலையில் இத்தாலிமீதும் வேறு சில நாடுகள்மீதும் மிகைப் பற்றாக்குறை நடவடிக்கை தொடங்கியது.

வளர்ச்சியால் வரி பெருகி, திட்டம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர். இத்தாலிய மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கு இதை ஏற்கவில்லை. இச்சலுகையும் முகப்புச் சலுகையும் சேர்ந்து 2021 முதல் 2023 வரை 17,000 கோடி யூரோ அளவுக்குச் செலவு வைத்தன. அவ்வேலைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சலுகை இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். செலவைவிடப் பொருளாதாரத்துக்குக் கிடைத்த பயன் குறைவு என்பன அவர்களின் முடிவுகள்.

ஏழைக்கே கொடுத்தால்?

சலுகையை ஏழைகளுக்கு மட்டும் வரையறுத்தால் இக்கேடு வராதே என்று கேட்கலாம். அதற்கும் சான்று உண்டு. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அமெரிக்க அரசு 1976இல் வருமானம் குறைந்தோரின் வீடுகளைக் குளிர் புகாமல் திருத்தித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அது இன்றும் நடைபெறுகிறது. மிச்சிகன் மாநிலத்தில் 30,000க்கு மேற்பட்ட குடும்பங்களைக்கொண்டு மூன்று பொருளியலார் இதனைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டனர். குடும்பத்துக்கு ஏறக்குறைய 5,000 டாலர் பெறுமான வேலை. குடும்பத்தார் கொடுக்க வேண்டியது ஏதுமில்லை. ஆற்றல் செலவு 10 முதல் 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் பொறியாளர்களின் கணிப்பு, உண்மையில் மிச்சமானதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. மிச்சமான எரிபொருளின் மதிப்பு, செலவிட்ட தொகையில் பாதியளவே.

இதில் என் மனத்தைத் தொட்டது வேறொரு செய்தி. வீடு தேடிச் சென்றும் தொலைபேசியில் பேசியும் விண்ணப்பத் தாளை நிரப்ப உதவியும்கூட, அழைக்கப்பட்டோரில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவானவர்களே இந்த இலவச உதவியைப் பெற்றனர். ஏழைக்கு நேரமும் ஒரு செலவு. அதிகாரியை வீட்டுக்குள் விடுவதற்கும் ஏழை அஞ்சுகிறான். பங்குப் பணியில் இருப்போர் இதை நன்கு அறிவர்.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. அங்கு அரசுடைமை வங்கியான கே.எப்.டபிள்யூ. குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, வீடு எட்டிய தரத்துக்கேற்ப முதலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது. மீதியை வீட்டுக்காரரே திருப்பிச் செலுத்த வேண்டியிருந்ததால், ஒப்பந்தக்காரரிடம் விலை பேச ஒருவர் இருந்தார். இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே என்பது என் எண்ணம். அத்திட்டமும் குறையற்றதன்று. புதுவீடு கட்டுவோர் எல்லாரும் எப்படியும் எட்டிவிடும் ஒரு தரத்துக்கே மானியம் சென்றுகொண்டிருந்ததால், விண்ணப்பங்கள் வெள்ளமாய்க் குவிந்து, 2022 ஜனவரி 24 அன்று அரசு அதைத் திடீரென நிறுத்த நேர்ந்தது.

இத்தாலியின் கதை இன்னும் முடியவில்லை. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டடங்களுக்கான புதிய கட்டளையை நிறைவேற்றியது. அதன்படி ஒவ்வொரு நாடும் தன் குடியிருப்புகளின் சராசரி ஆற்றல் செலவை, 2020இல் இருந்த அளவிலிருந்து 2030க்குள் 16 விழுக்காடு குறைக்க வேண்டும். அக்குறைப்பில் பாதிக்கு மேல், மிகவும் சீர்கெட்ட வீடுகளைத் திருத்துவதனாலேயே வர வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் அமைச்சரவை மன்றத்தில் வாக்கெடுத்தபோது எதிர்த்து வாக்களித்த நாடுகள் இரண்டு: ஹங்கேரியும் இத்தாலியும். இதற்கு யார் பணம் கொடுப்பது என்பதே இத்தாலிய அமைச்சர் எழுப்பிய கேள்வி. அந்நாட்டின் கஜானா பழைய சீட்டுகளுக்கான தவணையை இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறது. சுவரில் ஈரம் கசியும் மிகப் பழைய வீடுகளில் பெரும்பாலானவை மேலங்கியின்றியே நிற்கின்றன.